பனிப்புயலில் பிள்ளைகள்: "இப்போ வலிக்கல" என்றால் கவனியுங்கள்

2011 ஆகஸ்ட் 15 அன்று ஆக்லாந்தில் லேசாகப் பனி தூவியது. 1939-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. தரையைத் தொட்டதுமே அது கரைந்துவிட்டது. ஆகவே ஹென்டர்சனில் வளரும் நம் பிள்ளைகள் நிஜமான பனியைப் பார்ப்பது பெரும்பாலும் ஜூலைப் பள்ளி விடுமுறையில், ருவாபெஹு மலையில்தான். 2,797 மீட்டர் உயரமுள்ள எரிமலை அது. காலையில் வெயில் அடித்தாலும் மதியத்துக்குள் புயல் சூழ்ந்துவிடலாம். 2008 ஜூலையில் தூரோவா பனிச்சறுக்குத் தளத்துச் சாலை பனியால் அடைபட்டு, சுமார் 2,000 பேர் மலையில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்தக் காற்றில் உங்களுக்கு முன்பே குழந்தைக்குக் குளிர் ஏறும். சிறிய உடலில் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். சூடு வேகமாக வெளியேறிவிடும். கைக்குழந்தைகளுக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கவும் சரியாக வராது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளோ விளையாட்டு மும்முரத்தில் குளிரைச் சொல்லவே மாட்டார்கள்.

முதலில் விரல்கள் சுரீரென்று வலிக்கும், பிள்ளை அழும். சிறிது நேரத்தில் "இப்போ வலிக்கல அம்மா" என்று சொல்லும். நாமும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். ஆனால் அது விரல் மரத்துப்போனதன் அடையாளமாக இருக்கலாம். நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது; சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அதேபோல், நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூங்கி வழிந்தால் அது களைப்பு என்று எண்ணாதீர்கள். உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். உடனே 111.

உதவி வரும்வரை காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றிவிட்டு, உலர்ந்த போர்வைக்குள் உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கைகாலைப் பரபரவென்று தேய்ப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம்; இங்கே அது கூடாது. உறைந்த சதை அதனால் மேலும் கெடும். வெந்நீர்க் குளியலும் வேண்டாம். தெளிவாக விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் இளஞ்சூடான மைலோ கொடுக்கலாம்.

உடை விஷயத்தில் பருத்தி பனியில் உதவாது. ஈரமான ஜீன்ஸ் காயவே காயாது, சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட், மாற்றுக் கையுறை இரண்டு ஜோடி. ஊட்டிக்குப் போனபோது வாங்கிய குரங்குக் குல்லா பெட்டிக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் காதுக்கு அதைவிட நல்லது கிடையாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அவசியம்.

காருக்குள் ஏறியதும் பருமனான ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் சீட் பட்டையை மாட்டுங்கள். ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டினால் பட்டை இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். மோதலில் ஜாக்கெட் அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். பனியில் கார் நின்றுவிட்டால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓட்டும் முன் இறங்கிப்போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். பனி அதை அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு ஹெல்த்லைனின் இலவச எண் 0800 611 116. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.