சண்டையின் நடுவே காது ஏன் அடைத்துக்கொள்கிறது?

கணவன் மனைவி வாக்குவாதத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் எவர் பேச்சும் எவர் காதிலும் ஏறாமற்போவதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணமன்று. உடலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

குற்றச்சாட்டை மூளை ஆபத்தாகவே கணக்கிட்டு, அட்ரினலின் முதலிய சுரப்புநீர்களை இரத்தத்தில் கலக்கச் செய்வதால் இதயம் விரைகிறது, நிதானமாக எடைபோடும் மூளை முன்பகுதியின் பிடி தளர்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் கேட்கும் திறன் குன்றும் என்கிறார், தம்பதியரை வாதிடச் செய்து அவர்களின் துடிப்பை அளந்து ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன்.

அடுப்பை அணைத்த மறுகணமே குக்கர் மூடியைத் திறக்க முடிகிறதா? அதுபோல, வாய் ஓய்ந்தாலும் உடல் தணிய 20 நிமிடமாவது வேண்டும். அதற்குள் மனத்துக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருப்பது அடுப்பை மீண்டும் பற்றவைப்பதுதான். காட்மன் ஆய்வகத்தில் சண்டையை நிறுத்திச் சற்றுநேரம் பத்திரிகை படித்துவிட்டுத் தொடர்ந்தவர்கள் தணிவாகவே பேசினார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருபவரிடம் தூக்கக் குறைவு பொறுமையை முன்பே தின்றிருக்குமாதலால், "ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா?" என்ற கேள்வியே சண்டை மூளப் போதும். அதை அவர் உறங்கி எழுந்தபின் கேளுங்கள். சண்டையின் பாதியில் எழுந்து செல்பவர், எப்போது திரும்பிப் பேசுவார் என்பதைச் சொல்லிவிட்டுச் செல்லட்டும்.

அடி உதை விழும் வீட்டுக்கு இவ்வழி பொருந்தாது. அங்கே அழைக்க வேண்டியது மகளிர் உதவி எண் 181.