மலைவாழைக்கு வந்த வியாதி

பழனிப் பஞ்சாமிர்தம் எளிதில் கெடாதிருப்பதன் சூட்சுமம் யாது என்று ஓர் அன்பர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். சர்க்கரையும் தேனும் நெய்யும் செய்யும் உபகாரத்தை அவரே அறிவாராகையால், ஒரு துளி நீரும் கலவாத அப்பிரசாதத்துக்கென்றே அமைந்தாற்போல நீர்ச்சத்துக் குறைந்த சதையுடைய விருப்பாச்சி மலைவாழையைப் பற்றி, என் பட்சபாதத்தை மறைக்காமல், சிறிது எழுதுகிறேன்.

கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர்ச் சரிவுகளில், காப்பிச் செடிகளுக்கு நடுவே வானம் பார்த்து வளரும் இவ்வாழைக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 1970-களில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேரில் பரந்திருந்த மலைவாழைச் சாகுபடி, முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேராகக் குறுகிவிட்டிருந்தது.

இந்நோயின் முதற்குறிதான் விசித்திரமானது. இளம் இலையின் அடிப்புறத்தை வெயிலுக்கு நேரே பிடித்தால், நரம்புகளின் ஓரமாகக் கரும்பச்சை நிறத்தில் சிறு புள்ளிகளும் கோடுகளும், தந்தி ஆபீஸில் உத்தியோகம் பார்த்த என் தமையனார் எழுதிக்காட்டும் குறிகளைப் போலவே, வரிசையாய்த் தென்படும். பின்னர் வரும் இலைகள் ஒன்றைவிட ஒன்று குறுகி, விறைத்து நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக அடைந்துகொள்ளும். இளம்பருவத்திலேயே நோய் கண்ட மரம் தார் தள்ளுவதில்லை. அதற்கு மருந்தும் இல்லை.

நோய்க்கிருமியாகிய வைரஸைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமப்பது, இலைமட்டையின் இடுக்கில் ஒளிந்திருக்கும் அசுவினி. ஆனால் மலையையும் கடலையும் தாண்டுவித்தவன் மனிதனே. விதையற்ற இவ்வாழை பக்கக்கன்றால் மட்டுமே பெருகுவதால், தாயின் வியாதி கன்றுக்குப் பிதிரார்ஜிதமாகிறது. 1940-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து கேரளத்துக்கு இந்நோய் வந்ததும் கன்றுகளோடுதான். வேர்க்கன்றுகளால் பெருகி, ஒரே மரத்தின் சந்ததியாகவே நின்ற இங்கிலாந்தின் எல்ம் மரங்களும், வண்டு சுமந்த பூஞ்சையால் அதே 1970-களில் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. ஒன்றுக்கு ஆகாதது அனைத்துக்கும் ஆகவில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், நோயற்ற தாய்மரங்களைச் சோதித்துத் தேர்ந்து, அவற்றின் குருத்துத் திசுவிலிருந்து கன்றுகளை வளர்த்து வழங்கியதால் இவ்வாழை மீண்டும் தலையெடுத்தது. நம்மவர்களோ, நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு பெயர்த்தழிக்க மனமின்றி, "ஒரு தாராவது தள்ளட்டுமே" என்று விட்டுவைப்பதும், அதன் கன்றையே சம்பந்தி வீட்டுக்குச் சீராக அனுப்புவதுமாக இருக்கிறார்கள். கேட்டவருக்கெல்லாம் கன்று கொடுப்பது புண்ணியந்தான். ஆனால் தாய்மரத்தைச் சோதிக்காமல் கொடுக்கிற கன்று, வாங்கியவர் தோட்டத்தோடு நில்லாமல் அவருடைய அண்டை அயலாரின் வெள்ளாமையையும் கெடுக்குமென்பதைக் கொடுப்பவர் உணரவேண்டும்.