முகாமுக்குப் போகலாம் வாங்க! பையில் எதை வைப்பது? எதை விடுவது?



அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நம் சாரணர் படை மூன்று நாள் முகாமுக்கு ஏற்காடு போகிறது. பெயர் கொடுக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, ஸ்லீப்பிங் பேக் கட்டாயம் வாங்கணுமா?" என்பதுதான். அடுத்தது, "அந்தப் பெரிய பை எங்கே கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?"

போன வருடம் 24 பேர் பெயர் கொடுத்தார்கள். கிளம்பும்போது 19 பேர்தான். விடுபட்ட ஐந்து பேரில் மூன்று பேர் என்னிடம் சொன்ன காரணம் ஒன்றே: "எங்க வீட்ல அதெல்லாம் வாங்கித் தர முடியாதுண்ணே." யாரும் வாங்கச் சொல்லவில்லை. கடைக் கண்ணாடியில் பார்த்ததையும் டிவியில் பார்த்ததையும் வைத்து அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். இந்த முறை அப்படி ஒருவர்கூட நின்றுவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆறு முகாம் போய் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததையும், எங்கள் சாரண ஆசிரியர் சொல்லிக் கொடுத்ததையும் எழுதுகிறேன்.

1. முதலில் இடத்தைப் பார்!

சாமான் பட்டியல் எழுதும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கே போகிறோம்? எந்த மாதம் போகிறோம்?

ஏற்காடு சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று புவியியலில் படித்திருக்கிறோம் அல்லவா? கணக்குப் போடுங்கள். வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆகவே சேலத்தை விட ஏறக்குறைய 8 டிகிரி குறைவு. டிசம்பர் ராத்திரி என்றால் குளிர் இருக்கும். ஆனால் இமயமலைக் குளிர் கிடையாது. பனிமலைக்கு என்று செய்த ஸ்லீப்பிங் பேக் நமக்கு எதற்கு?

இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே நம் முக்கியமான எதிரி குளிர் அல்ல, ஈரம்தான். ஈரத்தில் இருந்து தப்பித்தால் பாதிக் குளிர் போய்விடும்.

2. எடை போட்டுப் பார்!

2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையில், புத்தகப் பையின் எடை மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டுள்ளது. அது தினமும் தூக்கும் பை. முகாம் பைக்கு எங்கள் சார் சொல்லும் உச்ச வரம்பு ஐந்தில் ஒரு பங்கு. 40 கிலோ உள்ளவர் 8 கிலோ வரை தூக்கலாம். 30 கிலோ உள்ள தம்பி 6 கிலோவைத் தாண்டக் கூடாது. பேருந்தை விட்டு இறங்கி 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் மேட்டில். மறந்துவிடாதீர்கள்!

நானும் என் அணியினரும் சாமான்களைப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து எடை பார்த்தோம். இதோ கணக்கு:

ஜமக்காளம் – 1 கிலோ 400 கிராம்
போர்வை – 1 கிலோ 100 கிராம்
இரண்டு செட் துணி – 1 கிலோ 200 கிராம்
ஸ்வெட்டர் – 400 கிராம்
தட்டு, டம்ளர், ஸ்பூன் – 400 கிராம்
தண்ணீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டில் – 1 கிலோ 100 கிராம்
துண்டு, சோப்பு, பல்பொடி வகையறா – 400 கிராம்
டார்ச் – 150 கிராம்
கயிறு, நோட்டு, பேனா – 250 கிராம்
காலிப் பை – 600 கிராம்
மொத்தம் – 7 கிலோ

40 கிலோ ஆளுக்கு இது சரி. 30 கிலோ தம்பிக்கு 1 கிலோ அதிகம். என்ன செய்வது? ஜமக்காளம் அகலமானது, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். இருவருக்கு ஒன்று என்றால் ஆளுக்கு 700 கிராம் குறைந்தது. மீதி 300 கிராமை அணியில் பெரியவர் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அணி என்பது எதற்காக இருக்கிறது?

3. படுக்கை: மேலே அல்ல, கீழே கவனி!

எல்லாரும் போர்த்திக்கொள்ள என்ன கொண்டு போகலாம் என்றே யோசிக்கிறார்கள். ஆனால் ராத்திரி குளிர் ஏறுவது பெரும்பாலும் தரையிலிருந்துதான். காரணம் அறிவியல் பாடத்தில் இருக்கிறது. கம்பளி நம்மைச் சூடாக்குவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. நாம் மேலே படுத்ததும் கீழே உள்ள துணி நசுங்கி அந்தக் காற்று வெளியே போய்விடும். எவ்வளவு மெத்தென்ற ஸ்லீப்பிங் பேக் ஆனாலும் முதுகுக்குக் கீழே இதே கதைதான்.

அதனால் கீழே மூன்று அடுக்கு போடுங்கள். முதலில் தார்ப்பாய் அல்லது பழைய பிளெக்ஸ் பேனர். இது தரை ஈரத்தைத் தடுக்கும். அடுத்து கோரைப்பாய் அல்லது சாக்கு, அதன் அடியில் பழைய செய்தித்தாள் நாலைந்து தாள். இவை எளிதில் நசுங்காது. அதற்கு மேல் ஜமக்காளம்.

மேலே போர்த்த, ஒரு கனமான கம்பளியை விட இரண்டு மெல்லிய போர்வை நல்லது. இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்கும். போர்வையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஓரத்திலும் கால் பக்கத்திலும் பெரிய ஊக்கு குத்திவிட்டால் போர்வை நழுவாது, காற்றும் புகாது. இதுதான் நம் ஊர் ஸ்லீப்பிங் பேக். செலவு, நாலைந்து ஊக்கு!

4. துணியும் காலணியும்

பருத்தித் துணி வெயிலுக்கு நல்லது. ஆனால் நனைந்தால் சீக்கிரம் காயாது. ஈரப் பருத்தி உடம்பில் இருந்தால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே ஜீன்ஸ் பேன்ட் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல் மாதிரி கனக்கும், அடுத்த நாள் வரை காயாது. பாலியஸ்டர் கலந்த விளையாட்டு உடை சீக்கிரம் காயும். ஆனால் அடுப்புப் பக்கம் அதைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சமையல் முறை வரும்போது பருத்திச் சட்டை, மற்ற நேரம் விளையாட்டு உடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது போட ஒரு செட் துணியும் ஒரு ஜோடி சாக்ஸும் தனியாக, நனையாமல், கடைசி வரை காப்பாற்றுங்கள். இது மிக முக்கியம்.

முகாமுக்கென்று புது ஷூ வாங்காதீர்கள். புது ஷூ முதல் நாளே குதிகாலில் கொப்புளம் போடும். பழகிய கேன்வாஸ் ஷூவே போதும். காலையில் போடும் முன் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுங்கள். உள்ளே தேளோ பூரானோ ஒண்டியிருக்கலாம்.

5. பையும் மழையும்

இரண்டு தோள்பட்டையிலும் மாட்டக்கூடிய எந்தப் பையும் சரி. பள்ளிக்கூடப் பையே போதும். ஒரு கையில் தொங்கும் டிராவல் பேக்கும் சூட்கேஸும் மட்டும் வேண்டாம். மேட்டில் ஏறும்போது கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். கனமான சாமானை முதுகை ஒட்டி வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். ராத்திரி தேவைப்படும் டார்ச்சையும் ஸ்வெட்டரையும் மேலாக வையுங்கள்.

"வாட்டர் புரூப்" என்று எழுதியிருக்கும் பையை நம்பாதீர்கள். ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் இறங்கும். வீட்டில் கிடக்கும் கெட்டியான ஜவுளிக்கடை கவரில் துணியைப் போட்டு, வாயை முறுக்கிக் கட்டிப் பைக்குள் வையுங்கள். தீப்பெட்டிக்குப் பால் கவர் அருமையான உறை. கழுவி, நிழலில் காய வைத்து, உள்ளே போட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். முகாம் முடிந்ததும் எல்லாக் கவரையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

6. கயிறு, கூடாரம், டார்ச்

நைலான் கயிறு பலமானது, ஆனால் வழவழப்பானது. முடிச்சு நழுவும். பருத்திக் கயிற்றிலும் தேங்காய் நார்க் கயிற்றிலும் முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். அதனால்தான் ராத்திரி படுக்கப் போகும் முன் கூடாரக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொல்கிறோம். இல்லாவிட்டால் மழையில் இழுத்து முளையையே பிடுங்கிவிடும். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு. நனைந்தால் கொஞ்சம் நீளும், மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

கூடாரம் யாரும் வாங்க வேண்டாம். பள்ளியின் சாரணர் அறையில் மூன்று இருக்கின்றன. போதாததற்கு ஒரு தார்ப்பாய், இரண்டு சாரணர் கழிகள், கயிறு இருந்தால் அருமையான கூடாரம் தயார்! பள்ளத்தில் மட்டும் அடிக்காதீர்கள்.

டார்ச் இருவருக்கு ஒன்று போதும். போகும் வழியில் பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துவிடாமல் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். செல்போன் வெளிச்சத்தை நம்பி வராதீர்கள். சார்ஜ் போனால் வெளிச்சமும் போச்சு, அவசரத்துக்குப் பேசவும் வழியில்லை.

7. அடுப்பும் தண்ணீரும்

எட்டுப் பேர் அணிக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 1 கிலோ அரிசி. பொங்கி வடிக்க 6 லிட்டர் பிடிக்கும் பாத்திரம் ஒன்று, குழம்புக்குச் சின்னது ஒன்று, கரண்டி இரண்டு. அவ்வளவுதான். விறகு அடுப்பில் வைக்கும் முன் பாத்திரத்தின் வெளிப்பக்கம் ஈரச் சாம்பலோ களிமண்ணோ பூசிவிடுங்கள். கரி ஒட்டாது, கழுவும்போது கை வலிக்காது. அடுப்புக்கு ஓடைக்குள் கிடக்கும் கல்லை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் கொதிக்கட்டும். ஊட்டி போல 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட் எதுவும் வேண்டாம். அம்மா கொடுக்கும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் நூறு முகாம் தாங்கும்.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டு கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில் மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். நாம் காட்டுக்குள் தங்கப் போவதில்லை. ஆனாலும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மண்ணும் எப்போதும் இருக்க வேண்டும். இந்த இரண்டு வாளியும் சாமான் பட்டியலில் முதலில் வர வேண்டியவை.

8. முதலுதவி

அணிக்கு ஒரு பெட்டி போதும். பஞ்சு, கட்டுத் துணி, பிளாஸ்டர், கிருமிநாசினி, கத்தரிக்கோல், ஊக்கு, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருக்கட்டும். பாக்கெட் தீர்ந்துவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்கணும், குவித்து அள்ளக் கூடாது. நம் கழுத்தில் கட்டும் ஸ்கார்ப் அழகுக்கு மட்டும் இல்லை. கை உடைந்தால் தொட்டில் கட்டு போட அதுவே முக்கோணத் துணி.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்டவரை அசையாமல் படுக்க வைத்து உடனே சாரிடம் சொல்ல வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரை உள்ளவர்கள் அதைத் தனியாகக் கட்டி, பெயர் எழுதி, சாரிடம் கொடுத்துவிடுங்கள்.

9. கொண்டு வரக் கூடாதவை

நகை, விலை உயர்ந்த கைக்கடிகாரம், மூன்று பாட்டில் சென்ட், ஸ்பீக்கர், ஆளுக்கொரு கத்தி. கத்தியும் அரிவாளும் அணிக்கு ஒன்றுதான். அவை அணித் தலைவர் பொறுப்பில் இருக்கும்.

=====================
உங்களுக்குத் தெரியுமா?

உலகின் முதல் சாரணர் முகாமை பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்தினார். வந்தவர்கள் சுமார் 20 சிறுவர்கள். பெரிய பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளும், உழைப்பாளிகளின் பிள்ளைகளும் ஒரே அணியில் கலந்து, ஒரே கூடாரத்தில் படுத்தார்கள்.
=====================

அந்த முதல் முகாமிலேயே யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? அதனால் எங்கள் அணித் தலைவர்கள் கூடி மூன்று முடிவு எடுத்திருக்கிறோம். சாரும் சம்மதித்துவிட்டார்.

ஒன்று: ஒவ்வொரு அணிக்கும் ஒரு பொதுப் பட்டியல். வீட்டில் கூடுதலாகப் போர்வை, பாய், டார்ச், ஸ்வெட்டர் உள்ளவர்கள் கொண்டுவந்து சாரணர் அறையில் கொடுக்கலாம். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்பது நோட்டில் மட்டும் இருக்கும். வெளியே தெரியாது.

இரண்டு: முகாமுக்கு என்று யாரும் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. வாங்கியே ஆக வேண்டும் என்று தோன்றினால் முதலில் அணித் தலைவரிடம் கேளுங்கள்.

மூன்று: கிளம்புவதற்கு முதல் நாள் மாலை எல்லாப் பைகளும் எடை பார்க்கப்படும். கூடினால் பிரித்துத் தூக்குவோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஆசை இருந்தும் தயங்கி நிற்கும் மாணவர் யாராவது இருந்தால் தயவுசெய்து எங்களிடம் அனுப்பி வையுங்கள்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தம்பி தங்கைகளே, வீட்டில் ஒரு போர்வையும் தட்டும் இருக்கிறதா? அப்பா அம்மா சம்மதம் இருக்கிறதா? அப்படியானால் வாங்க. மற்றதை அணி பார்த்துக்கொள்ளும்.

 

– புலி அணித் தலைவர்,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு.