நீர் அறிந்த சரிவு

கொரட்டூரில் குடியிருக்கும் நாம் எல்லோரும் ஒரு சரிவின் மேல் வாழ்கிறோம். ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாடியிலிருந்து ஆவடி வரை எங்கே நின்று பார்த்தாலும் நிலம் தட்டையாகத்தான் விரிந்து கிடக்கிறது. ஆனால் ஐப்பசியில் விழும் துளிக்கு இந்த மண்ணின் மேடும் தாழ்வும் விரற்கடை பிசகாமல் தெரிகிறது. யாரும் வழிகாட்டாமலே அது கிழக்கு நோக்கி நகர்கிறது. அம்பத்தூர் ஏரியில் சேர்கிறது. அந்த ஏரி நிறைந்தால் கலங்கல் வழிந்து கொரட்டூர் ஏரிக்கு வருகிறது. கொரட்டூரும் நிறைந்தால் மாதவரம் இரட்டை ஏரியைச் சேர்கிறது. அங்கும் இடம் போதாதபோது கால்வாய்களைப் பற்றிக்கொண்டு கடலைத் தேடிப் போகிறது. ஒரு சொட்டுக்குள் இத்தனை அறிவை வைத்தது யார்?

இந்த மூன்று ஏரிகளையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கோத்த நம் முன்னோர், மழைக்காலந்தோறும் நீரின் பின்னால் நடந்து நடந்தே அதன் போக்கைக் கற்றிருக்க வேண்டும். நீர் தயங்கிய இடத்தில் கரை எழுப்பினார்கள். பாய விரும்பிய இடத்தில் மதகு வைத்தார்கள். மிஞ்சியபோது வெளியேறக் கலங்கல் கட்டினார்கள். இயற்கையை எதிர்த்து அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அது சொன்னதைக் கேட்டு, கேட்டபடி மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

காரில் போகிறவருக்கு இந்தச் சரிவு தெரியாது. இன்ஜின் அதை மறைத்துவிடும். சைக்கிளில் போகிறவருக்கோ முழங்கால் சொல்லிவிடும். அழுத்தி மிதிக்க வேண்டிய இடம் எது, மிதிக்காமலே உருளும் இடம் எது என்று உடம்பு கணக்கு வைத்துக்கொண்டே வரும். நமக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் வளர்ந்தது அம்பத்தூரில்தான். நாடெங்கும் எத்தனையோ பேர் ஓட்டிப் பழகிய ஹெர்குலிஸ் வண்டிகள் இந்த மண்ணிலிருந்து உருண்டு போனவை. ஒரு மனிதர் ஒரு கிலோமீட்டர் நடக்கச் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலேயே சைக்கிளில் அதே தூரத்தைக் கடந்துவிடலாம். இரும்பும் ரப்பரும் சேர்ந்து மனித உடம்புக்குச் செய்த பேருதவி இது.

மார்கழி விடியலில், லாரிகள் விழித்தெழும் முன், சைக்கிளில் ஒரு வட்டம் சுற்றிவரலாம். கொரட்டூர் ஏரிக்கரையில் கிளம்பி, அம்பத்தூர், திருமுல்லைவாயல் வழியாக ஆவடி. அங்கிருந்து தெற்கே திரும்பிப் பருத்திப்பட்டு, திருவேற்காடு. பிறகு கூவத்தை ஒட்டிக் கிழக்கே நொளம்பூர். அங்கிருந்து முகப்பேர், பாடி கடந்து மீண்டும் கொரட்டூர். போகும்போது ஏரிகளின் நீர் வந்த திசைக்கு எதிரே ஏறுகிறோம். திரும்பும்போது ஆற்று நீரோடு சேர்ந்து இறங்குகிறோம்.

இரண்டே சக்கரங்களின் மேல் நாம் விழாமல் போவது எப்படி என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறோமா? இரு காதுகளுக்குள்ளும், எலும்பின் ஆழத்தில், மும்மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த எலும்புக் குழல்களுக்குள், மெல்லிய சவ்வுக் குழாய்களில் நீர் நிற்கிறது. ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு திசையை நோக்கி அமைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர் ஒரு கணம் பின்தங்குகிறது. அந்தத் தயக்கத்தை நுண்மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. அடுத்த கணமே, ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நொடிக்குள், கண்கள் எதிர்த்திசையில் நகர்ந்து காட்சியை நிலைநிறுத்துகின்றன. குண்டும் குழியுமான சாலையில் வண்டி குலுங்கினாலும் ஏரியின் நீர்ப்பரப்பு நம் கண்முன் அசையாமல் நிற்பது இதனால்தான். ஊரின் மழையை மூன்று ஏரிகளின் நீர் சமன் செய்கிறது; நம் தலையின் அசைவை மூன்று குழல்களின் நீர் அளக்கிறது. நிலத்தைத் தாங்கும் விதியும் நம்மைத் தாங்கும் விதியும் ஒன்றே.

அந்தக் குழல்களுக்கு அருகே இன்னொரு விந்தை இருக்கிறது. தலை சாய்வதையும் வேகம் கூடுவதையும் அறிய, நம் காதுக்குள் நுண்கற்கள் இருக்கின்றன. முடியின் தடிமனைவிடச் சிறிய அந்தப் படிகங்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஏரிச் சேற்றில் ஊரும் நத்தையின் ஓடும் அதே பொருள்தான். அந்த நத்தைக்காகவே படைக்கப்பட்டதுபோல் ஒரு பறவை, நத்தைகுத்தி நாரை, ஆழமில்லாத நீரில் பொறுமையாக நடக்கிறது. மேலலகும் கீழலகும் மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி எஞ்சும் அதன் அலகு, வழுக்கும் நத்தையைப் பற்றி உள்ளிருக்கும் சதையை உருவி எடுக்கிறது. எதுவும் இங்கே தனியாக இல்லை. எல்லாமே ஒரே மண்ணிலிருந்து கடன் வாங்கியவை.

மழை ஓய்ந்த நாட்களில் கரையோரப் புல்லின் மேல் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும். சிறுவர்கள் அவற்றைத் துரத்துவார்கள். நாம் கவனிப்பதுகூட இல்லை. அவற்றுள் ஒரு மஞ்சள் நிறத் தட்டான், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லாதது, பருவக்காற்றில் ஏறி இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஊரின் மழைக்குட்டையில் குழவியாக நீந்தியதுகூட, கண்ணாடிச் சிறகோடு அந்தக் கடலுக்கு மேலே பறக்கலாம். சிறுமை என்று நாம் எதைச் சொல்கிறோம்?

திருமுல்லைவாயலின் தலபுராணமும் இதையே சொல்கிறது. படையோடு வந்த தொண்டைமானின் யானையை ஒரு முல்லைக்கொடி காலைச் சுற்றி நிறுத்திவிட்டதாம். பெருமையைச் சிறுமை தடுத்து நிறுத்திய இடத்தில் ஒரு கோயில் எழுந்திருக்கிறது.

ஆவடியைத் தாண்டினால் பருத்திப்பட்டு ஏரி. 2019-ல் அதன் கரை பூங்காவாகத் திறக்கப்பட்டது; வண்டியை நிறுத்திவிட்டுச் சுமார் 3 கிலோமீட்டர் நீள நடைபாதையில் நீரை ஒட்டி நடக்கலாம். அங்கிருந்து சற்றுத் தொலைவில் கூவம். நகரவாசிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லும் இந்தப் பெயர், திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் கோயில் இருக்கும் ஊரின் பெயர். சம்பந்தர் பாடிய திருவேற்காடும் இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. சுமார் 72 கிலோமீட்டர் ஓடி நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, பெருமழையில் நொளம்பூர் தரைப்பாலத்தை மூழ்கடித்தபோதெல்லாம் நாம் அதைச் சபித்தோம். அது தன் பழைய படுக்கையில்தான் படுக்கிறது; அதன் மேல் பாலம் போட்டவர்கள் நாம்.

நீரின் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. சரிவை அது அறியும். தூய்மையையும் அழுக்கையும் பிரித்தறியாது. மழைநீரைச் சுமக்கும் அதே பணிவோடு கழிவுநீரையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்து வந்து கொரட்டூர் ஏரியில் சேர்த்தது. அதைப் பொறுக்காத ஊர்மக்கள் கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கமாகத் திரண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அவர்களோடு நின்றார்கள். கரை எழுப்பிய முன்னோரின் வேலையைத் தொடர்வது என்றால் இதுதான்.

சரிவுள்ள நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு கடமை தானாகவே வந்து சேர்கிறது. நம்மிடமிருந்து போகும் நீர் கீழே இன்னொருவரின் ஏரிக்குப் போகிறது. மேலே ஒருவர் விட்ட நீர்தான் நம்மிடம் வருகிறது. அம்பத்தூர் எறிவதைக் கொரட்டூர் ஏந்துகிறது. கொரட்டூர் எறிவதை மாதவரம் ஏந்துகிறது. வாசலில் ஓடும் மழைநீர் வடிகாலில் ஒரு பிளாஸ்டிக் பையைப் போடாமல் இருப்பது சிறிய செயல்தான். காதுக்குள் இருக்கும் கல்லும் அத்தனை சிறியதுதான். அது இடம் பிசகினால் தலை சுற்றி நாம் தடுமாறிவிடுவோம். ஏரிக்கும் அப்படித்தான். கீழே இருப்பவருக்கு நல்ல நீரை அனுப்புவதே மேலே இருப்பவர் செய்யும் வழிபாடு.