பிள்ளைகளோடு பதினைந்து நிமிடம்

பிள்ளை அழுதால் மொபைல். சோறு ஊட்ட மொபைல். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சத்தம் போடாமலிருக்க அப்போதும் மொபைல். கொடுப்பது நாம்தான். பிறகு, "எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறான்" என்று குறைபட்டுக்கொள்வதும் நாம்தான்.

3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்களாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். திரை பார்க்கும் நேரம் 1 மணிக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.

மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்ந்தால் போதும். மைதானமும் தேவையில்லை, நம் வீட்டுக் கூடமே போதும்.

பலூன் தட்டுதல்: பலூன் தரையில் விழாமல் மாறி மாறித் தட்டுங்கள். பந்தைவிட மெதுவாக இறங்குவதால் சின்னக் கைகளுக்கும் எட்டும். வெடித்த துண்டுகளை உடனே அப்புறப்படுத்துங்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கயிற்றுப் பாலம்: பழைய துப்பட்டாவைத் தரையில் நீளமாக விரித்து, அதன் மேல் விலகாமல் நடக்கச் சொல்லுங்கள். உடலின் சமநிலை பழகும்.

மிருக நடை: தவளையாகத் தாவுங்கள், யானையாகக் கைகளை ஊன்றி நடங்கள். தோளும் கைகளும் வலுப்பெறும். வாப்பாவும் சேர்ந்து தவழ்ந்தால் பிள்ளைக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

வாளியில் எறிதல்: துணியைப் பந்தாகச் சுருட்டி வாளிக்குள் போடச் சொல்லுங்கள். விழ விழ வாளியை ஓரடி தள்ளி வையுங்கள்.

வீட்டு வேலை: வெங்காயத்தை ஒரு கூடையிலிருந்து மறு கூடைக்கு மாற்றுவதும், காய்ந்த துணியைச் சுமந்து வருவதும் அவர்களுக்கு விளையாட்டுதான்.

ஒற்றைக்காலில் நொண்டுவது பல பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயதில்தான் கைகூடும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனதை நோகடிக்க வேண்டாம். வழுக்கும் தரையில் சாக்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு விளையாடட்டும். கூர்மையான மேசை முனைகளை ஒதுக்கிவிடுங்கள்.

இன்று அஸருக்குப் பிறகு பதினைந்து நிமிடம் ஒதுக்குவோம். பிள்ளையின் மொபைலை மட்டுமல்ல, நம் மொபைலையும் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குவோம்.