திரவக் கிளட்ச்சிலுள்ள காற்றை வெளியேற்றும் முறை

விளைந்த பண்டத்தை உரிய காலத்தில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் பயிர்த்தொழிலின் ஓர் அங்கமேயாகும். முற்காலத்தில் இவ்வேலையை மாட்டு வண்டிகள் செய்துவந்தன. இக்காலத்திலோ ஒட்டன்சத்திரம் முதலிய சந்தைகளுக்குக் காய்கறிகள் பெரும்பாலும் சிறு லோடு வண்டிகளிலேயே வந்து இறங்குகின்றன. மாட்டுக்கு நோய் கண்டால் அதன் குறியறிந்து முதற் சிகிச்சை செய்யவல்ல குடியானவர்கள் பலர், வண்டிக்கு நோய் கண்டால் செய்வதறியாது பட்டறைக்காரரின் வரவை எதிர்நோக்கியிருக்கின்றனர். பறித்து ஏற்றிய தக்காளியோ அதுவரை காத்திருப்பதில்லை.

இவ்வாறு வண்டியை நிறுத்திவிடும் கோளாறுகளுள் ஒன்று, கிளட்ச் பெடல் திடீரெனத் தளர்ந்து, கியர் விழாமற்போவதாகும். இதைக் கண்டவுடன் கியர்ப் பெட்டியை இறக்கிக் கிளட்ச் பிளேட்டை மாற்றவேண்டுமென்று முடிவு செய்வோர் உண்டு. அது மிகுந்த பணமும் பொழுதும் பிடிக்கும் வேலை. ஆயின், பல சமயங்களில் குற்றவாளி பிளேட் அன்று. குழாயினுள் புகுந்த சிறிதளவு காற்றேயாம். அதை வெளியேற்ற ஆட்கள் இருவரும், ஒரு ஸ்பானரும், ஒரு கண்ணாடிப் புட்டியும், ஏறத்தாழ ஒரு மணி நேரமும் போதும்.

கிளட்ச் வேலை செய்யும் வகை

எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டியுடன் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் தொழில். பெடலை மிதிக்காதபோது, பிரஷர் பிளேட்டின் வில் கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு இறுக அழுத்திப் பிடித்திருக்கும். மிதித்தவுடன் அப்பிடி விலகும். அப்பொழுதுதான் கியரை மாற்ற இயலும்.

காலின் விசையைக் கிளட்ச்சுக்குக் கொண்டு செல்ல இரு வகைகள் உண்டு. சில வண்டிகளில் எஃகுக் கயிறான கேபிள் இவ்வேலையைச் செய்கின்றது. அவற்றில் காற்று எடுக்கவேண்டிய தேவையே இல்லை. மற்றவற்றில் திரவம் இவ்வேலையைச் செய்கின்றது. பெடலுக்கு அருகில் மாஸ்டர் சிலிண்டரும், கியர்ப் பெட்டிக்கு அருகில் ஸ்லேவ் சிலிண்டரும் அமைந்திருக்க, இரண்டையும் ஒரு குழாய் இணைக்கின்றது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமற் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) விளக்கிய விதி. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா உரிமை பெற்ற திரவ அழுத்த யந்திரம் இவ்விதியையே தழுவியது. பஞ்சைப் பொதியாக இறுக்கும் பிரஸ்களும் கிளட்ச்சும் இவ்வகையில் ஒரே இனத்தவை.

காற்றினால் விளையும் கேடு

திரவம் அழுத்தினால் சுருங்குவதில்லை என்றே கொள்ளலாம். காற்றோ எளிதிற் சுருங்கும். கேடு முழுதும் இவ்வேற்றுமையிலிருந்து வருவது.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால், சுமார் 5 கன சென்டிமீட்டர் திரவம் தள்ளப்படும். ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டரானால், அதன் பிஸ்டன் 16 மில்லிமீட்டர் நகரும். குழாயில் 1 கன சென்டிமீட்டர் காற்று, அதாவது ஏறக்குறைய 20 நீர்த்துளிகளின் அளவு, தங்கிவிட்டதென்று வைத்துக்கொண்டால், வளிமண்டலத்தைப்போல் 20 மடங்கு அழுத்தத்தில் அது இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அவ்வளவில் ஸ்லேவ் பிஸ்டனின் நகர்ச்சியில் 3 மில்லிமீட்டர் குறையும். 2 கன சென்டிமீட்டர் காற்றானால் 6 மில்லிமீட்டர் குறைந்து, மிஞ்சுவது 10 மில்லிமீட்டரே. கால் முழுதும் மிதித்தும் கிளட்ச் பாதி பிரிந்து நிற்பது இதனாலேயாம்.

நோயின் குறிகள்

இரண்டு நோய்களைப் பிரித்தறிதல் முதற்கண் அவசியம். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் வண்டி ஏற்றத்தில் இழுக்காமல், கருகல் வாடை வீசினால், பிளேட் தேய்ந்து வழுக்குகின்றதென்று அறியலாம். காற்று எடுப்பதால் இது தீராது. இதற்கு மாறாக, வண்டி நன்றாக இழுத்தும், பெடல் பஞ்சுபோல் மெத்தென்றிருந்து, கியர் போடும்போது, சிறப்பாக ரிவர்ஸ் கியரில், கரகரவென்று உராய்ந்தால், காற்றின்மேல் ஐயங்கொள்ளல் தகும். பெடலை நாலைந்து முறை விரைந்து மிதித்தபின் கியர் எளிதாக விழுமானால் அவ்வையம் வலுப்படும்.

பெடலை ஒரே சீராக மிதித்துப் பிடிக்கையில் அது மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போய், வெளியில் எங்கும் கசிவு தெரியாவிடில், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் வாஷர் தேய்ந்திருத்தல் கூடும். அதையும் காற்று எடுத்துத் தீர்க்க இயலாது.

எண்ணெயென்னும் பெயரால் வரும் ஆபத்து

இத்திரவத்தை யாவரும் பிரேக் ஆயில் என்றே வழங்குகின்றனர். பெயர் எண்ணெயேயாயினும், பொருள் எண்ணெயன்று. கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ ஊற்றினால், உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். மூடியின்மேல் குறித்துள்ள வகையையே, டாட் 3 என்றால் டாட் 3, டாட் 4 என்றால் டாட் 4, வாங்கி ஊற்றுதல் வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் இனம். அதை மற்றவற்றுடன் கலத்தலாகாது.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் வேண்டும். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை தாழ இடமுண்டு. ஆகையால் நெடுநாள் திறந்து கிடந்த டப்பாவிலுள்ளதை ஊற்றலாகாது. வண்டியின் வர்ணத்தில் பட்டால் உடனே நீர்விட்டுக் கழுவுதல் வேண்டும். உட்கொண்டால் நஞ்சாதலின், குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் வைத்தல் அவசியம். வடித்த பழைய திரவத்தை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது.

செய்முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அணைத்தல் வேண்டும். வண்டியைத் தூக்க நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புகுதல் வேண்டும்.

திரவக் கிண்ணத்தின் மூடியைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டுத் திறந்து, மேற்குறி வரை புதிய திரவம் ஊற்றவேண்டும். ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள பிளீடர் நிப்பிளைச் சுத்தம் செய்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானரை மாட்டி, நிப்பிளின் வாயில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகவேண்டும். குழாயின் மறுமுனை, சிறிது திரவம் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் மூழ்கியிருத்தல் வேண்டும். மூழ்காவிடில் வெளிக்காற்று திரும்ப உள்ளே இழுக்கப்படும்.

பின்னர் ஒருவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்று திறப்பார். காற்றும் திரவமும் குமிழியிட்டு வெளிவரும். குமிழி அடங்கியதும் நிப்பிளை மூடிவிட்டு, "விடலாம்" என்று குரல் கொடுத்தபின்னரே மிதித்தவர் காலை எடுத்தல் வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளியேறிய காற்றே மீண்டும் உட்புகும். பெடல் தானே எழாவிடில் கையால் தூக்கிவிடலாம். அவசரப்பட்டுப் படபடவென்று மிதித்தால், காற்று நுண்குமிழிகளாகச் சிதறித் திரவத்திற் கலந்துவிடும். பிறகு அதைப் பிரித்தெடுத்தல் கடினம்.

இவ்வாறு ஐந்தாறு முறை செய்தவுடன் கிண்ணத்தைப் பார்த்து நிரப்பவேண்டும். இதை மறந்து கிண்ணம் வற்றினால் குழாய் முழுதும் காற்று ஏறி, செய்த வேலை வீணாகும். குமிழியில்லாத தெளிந்த திரவம் வரும்வரை தொடர்ந்து செய்து, நிப்பிளை மிகையின்றி இறுக்கி, மூடியை மூடவேண்டும். வடிந்த திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. கடைசியாக எஞ்சினை ஓட்டி, பெடலை முழுதும் மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்க்கவேண்டும். உராய்வின்றி விழுந்தால் வேலை முடிந்தது.

எத்தனை முறை செய்தும் குமிழி தீராவிடில், குழாயின் மேடான வளைவில் காற்று தங்கியிருத்தல் கூடும். சுத்தமான பிளாஸ்டிக் ஊசிக்குழலால் நிப்பிளின் வழியே திரவத்தை மெதுவாகக் கீழிருந்து மேலே செலுத்தினால், மேலெழும் இயல்புள்ள காற்று கிண்ணத்தின் வழியே வெளியேறும். கிண்ணம் நிரம்பி வழியாதபடி அருகிருந்து கவனித்தல் அவசியம்.

காற்று வந்த வழி

பெடல் சரியானவுடன் வேலை தீர்ந்ததென்று எண்ணுதல் தவறு. குழாயைக் கழற்றி மாட்டியதனால் காற்று புகுந்திருந்தால் அச்சமில்லை. தானாகப் புகுந்திருந்தால், திரவம் எங்கோ கசிந்திருத்தல் வேண்டும். காற்றை எடுப்பது காய்ச்சலைத் தணிப்பது போன்றது, கசிவே நோய். பெடலின் அடியிலுள்ள மிதியடி ஈரமாயிருந்தால் மாஸ்டர் சிலிண்டரும், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரமிருந்தால் ஸ்லேவ் சிலிண்டரும் கசிகின்றன. ரப்பர் ஹோஸில் வெடிப்பு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்ப் பெட்டியின் மணிக்கூட்டுக்குள்ளேயே அமைந்திருக்கும். அங்குக் கசிந்தால் மட்டுமே பெட்டியை இறக்குதல் தவிர்க்கவியலாததாகும்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் கிண்ணம் ஒன்றே. கிளட்ச்சுக்குச் செல்லும் வாய் கிண்ணத்தில் சற்று மேலே இருக்கும். திரவம் குறைந்தால் பிரேக்குக்கு உரியது எஞ்சியிருக்க, கிளட்ச் முதலில் தவிக்கவேண்டுமென்பதே அவ்வமைப்பின் நோக்கம். ஆதலால் கிளட்ச் தளர்ந்து கிண்ணமும் தாழ்ந்திருந்தால், கசிவது பிரேக் குழாயாகவும் இருக்கலாம். நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பிரேக் குழாய்களையும் பார்த்து ஐயம் தீர்ந்த பின்னரே பாரம் ஏற்றுதல் வேண்டும். ஐயம் தீராவிடில், சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, இவ்வண்டியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவதே தக்கது. ஒரு நாள் சந்தை தவறினால் ஒரு நாள் நஷ்டம். மலைச்சரிவில் பிரேக் தவறினால் அந்நஷ்டத்தை ஈடு செய்ய வழியில்லை.