காலி இடம் என்று யார் சொன்னது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நம்ம பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த இரண்டு நாளில் என் வீட்டில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கம்ப்யூட்டரில் செருகியிருந்த எஸ்எஸ்டியில், ஆற்றங்கரைக் கல்மண்டபங்களையும் படித்துறைகளையும் வருஷக்கணக்காக நான் எடுத்த படங்கள் இருந்தன. பிறகு பார்த்தால் அது மவுண்ட் ஆகவில்லை. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை என்பதால் எஃப்எஸ்செக் ஓட்டினேன். ஏகப்பட்ட பிழைகளைத் திருத்திவிட்டு முடிந்தது. ஆனால் ஒரு மண்டபத்தின் படங்களை மட்டும் காணோம். ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டரிலும் இல்லை.

என்ன நடந்திருக்கும்? ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோடு’ என்று ஒரு அட்டை உண்டு. கோப்பு எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்பது அதில்தான் இருக்கும். அட்டை அழிந்துவிட்டால் அந்த பிளாக்குகளுக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை. எஃப்எஸ்செக் தன் ஐந்தாவது கட்டத்தில் அவற்றை ‘காலி’ என்று குறித்துவிடும். படம் மட்டும் அங்கேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியால் காலி இடத்தைத் துழாவினேன். பெயர் போயிருந்தாலும் பெரும்பாலான படங்கள் கிடைத்தன.

கிடைத்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, ஒரு டீஃபால்ட். எஃப்எஸ்செக்கில் ‘டிஸ்கார்ட்’ என்று ஒரு விருப்பம் உண்டு. சோதனை முடிந்ததும், “இந்த பிளாக்குகள் இனி வேண்டாம்” என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எழுதும் வேகத்துக்கும் எஸ்எஸ்டியின் ஆயுளுக்கும் அது நல்லதுதான். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். அதனால் எக்ஸ்ட்4 எஃப்எஸ்செக்கில் ‘நோடிஸ்கார்ட்’தான் டீஃபால்ட். புதிதாக ஃபார்மேட் செய்யும் எம்கேஎஃப்எஸ்ஸில் நேர்மாறு, அங்கே ‘டிஸ்கார்ட்’ டீஃபால்ட். பழையதெல்லாம் வேண்டாம் என்று நாமே முடிவெடுத்த பிறகுதானே ஃபார்மேட் செய்கிறோம்.

ஒரு நண்பர் கேட்டார்: “அண்ணாச்சி, பிழை இருந்தா டிஸ்கார்ட் பண்ணாதுன்னு மேனுவல்லயே போட்டிருக்கே?” உண்மைதான். கண்ணி இரண்டாவது ஓட்டத்தில் இருக்கிறது. முதல் ஓட்டம் பிழைகளைத் திருத்தும்போது டிஸ்கார்ட் நடக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று அதே விருப்பத்தோடு இன்னொரு முறை முழுச் சோதனை ஓட்டினால், இப்போது பிழையே இல்லை. தாராளமாகத் துடைத்துவிடும். ‘பிழை இல்லை’ என்றால் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது என்றுதான் அர்த்தம். எதுவும் தொலையவில்லை என்று அர்த்தம் இல்லை.

உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் திருநெல்வேலியில் கேட்ட ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். ஒரு வக்கீல் வீட்டில் ஓலைச்சுவடிகள் குவிந்து கிடந்தன. பழுதாகி, இடத்தை அடைத்துக்கொண்டு யாருக்கும் பயன்படாமல் இருந்ததால், ஆடிப் பதினெட்டு அன்று வாய்க்காலில் விட்டுவிட்டார்களாம். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அவர் கணக்கில் அது காலி செய்ய வேண்டிய இடம், அவ்வளவுதான். அய்யர் தேடி வந்தபோது வாய்க்கால் எதையும் திருப்பித் தரவில்லை.

ஆகவே என் வழக்கம் இப்போது இது:

1. சந்தேகம் வந்த டிஸ்கை மவுண்ட் செய்யாமல் முதலில் டிடிரெஸ்க்யூவால் முழு நகல் எடுப்பேன். அன்று நான் செய்யத் தவறியது இதைத்தான்.
2. எஃப்எஸ்செக்கை முதலில் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் ஓட்டுவேன்.
3. திருத்தும்போது டிஸ்கார்ட் கிடையாது.
4. பல லினக்ஸ்களில் வாரம் ஒருமுறை தானாக ஓடும் எஃப்எஸ்ட்ரிம் டைமரை, மீட்பு முடியும்வரை நிறுத்தி வைப்பேன்.

எல்லாம் பத்திரம் என்று தெரிந்த பிறகு எஃப்எஸ்ட்ரிம்மை நாமே ஓட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் தள்ளிப்போனால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. அந்த மண்டபத்தை வெள்ளத்துக்கு முன் இருந்த கோலத்தில் நான் இன்னொரு முறை படம் எடுக்க முடியாது.